பள்ளிப் பையும் மணமாலையும்

செண்பகத்தோப்பின் மலையடிவாரத்துப் பளியர் பழங்குடியினரின் குடியிருப்பாயினும், ராஜபாளையத்து நூற்பாலைகளையும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் தறிகளையும் நம்பி வாழும் வீடாயினும், விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தாய், பருவமெய்திய மகளைத் தனியே விட்டுச் செல்ல அஞ்சுகிறாள். பள்ளிப் பை ஆணியில் தொங்க, பதினைந்து வயதில் கழுத்தில் மாலை ஏறிவிடுகிறது. இதைப் பெற்றோரின் கொடுமையென்று நான் சொல்லத் துணியேன். வறுமையும் பயமும் கூடிச் செய்யும் நிர்ப்பந்தம் அது.

ஆனால் தேகம் அந்த நியாயத்தை ஒப்புக்கொள்வதில்லை. அந்தச் சிறுமி கருவுற்று வந்தால், கிராமச் செவிலியர் முதலில் அவளுடைய கீழிமையைத் தாழ்த்திப் பார்க்கிறார். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்திருக்கிறது. தன் வளர்ச்சிக்கே போதாத இரத்தத்தைச் சிசுவோடு பங்கிட்டுக்கொள்ளும் அவளுக்கு, இடுப்பெலும்பு இன்னும் விரிந்து முடியாமையால் பிரசவம் தடைப்படலாம், வலிப்பு காணலாம், குழந்தையும் எடை குறைந்து பிறக்கலாம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் பால்ய விவாகத்தை எதிர்த்து வாதாடியது, பிரசவ அறையில் இவற்றையெல்லாம் கண்ட மருத்துவராகத்தான். 1929-ல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் குறைந்தபட்ச மண வயது 14 என்றது. 1978-ல் அது 18 ஆயிற்று. 2006-ல் பால்ய விவாகத் தடைச் சட்டமே பிறந்தது.

எனினும் சட்டத்தைவிட முன்னதாகச் சிறுமியைக் காப்பது வகுப்பறையே என்பது என் துணிபு. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேரும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அண்டை வீட்டில் சிறுமிக்கு அவசரமாகப் பந்தற்கால் நடப்படக் கண்டால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள், கட்டணமில்லை.