கோழிக்கடையும் ஒரு தொலைபேசி அழைப்பும்

அமெரிக்காவில் சிக்-ஃபில்-ஏ என்று ஒரு கோழி சாண்ட்விச் கடை. ஊருக்கு ஊர் கிளை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதவு திறக்காது. நிறுவனர் ட்ரூயெட் கேத்தி பாப்டிஸ்ட் கிறிஸ்தவர். 1946-ல் ஜார்ஜியாவில் முதல் உணவகம் தொடங்கிய நாளிலிருந்தே இந்த வழக்கம்.

2012-ல் அவர் மகன் டான் கேத்தி, திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே உரியது என்ற தன் நம்பிக்கையை வெளிப்படையாகச் சொன்னார். நிறுவனத்தின் அறக்கட்டளையோ தன்பால் திருமணத்தை எதிர்க்கும் அமைப்புகளுக்குப் பணமும் கொடுத்து வந்தது. புறக்கணிப்பு கிளம்பியது. பதிலுக்கு ஆகஸ்ட் 1 அன்று ஆதரவாளர்கள் கடைகளை மொய்த்தார்கள். வரிசை தெருவரை நீண்டது.

நம்பிக்கையையும் நன்கொடையையும் நான் ஒன்றாகப் பார்க்க மாட்டேன். ஒருவர் எதை நம்புகிறார் என்பது அவர் மனசு. நாம் கொடுத்த காசு எங்கே போகிறது என்று கேட்பது நம் உரிமை.

ஷேன் வின்ட்மேயர் அதைத்தான் கேட்டார். அப்போது கேம்பஸ் பிரைட் என்ற மாணவர் அமைப்பின் தலைவராக இருந்தவர். புறக்கணிப்பில் முன்னால் நின்றவர். ஒருநாள் அவருக்குத் தொலைபேசி அழைப்பு. மறுமுனையில் டான் கேத்தி! மாதக்கணக்கில் இருவரும் பேசினார்கள். நன்கொடைக் கணக்கை நிறுவனம் எடுத்துக் காட்டியது. அமைப்பும் புறக்கணிப்பை நிறுத்தி வைத்தது.

கேத்தி தன் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவில்லை. வின்ட்மேயரும் தன் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வருடத்தின் கடைசி நாளில், கேத்தியின் விருந்தாளியாக வின்ட்மேயர் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி பார்க்கப் போயிருந்தார்.