இரவு ரோந்தும் நமது வாலிபர்களும்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அது முதல், தடியுடன் இரவு ரோந்து செல்ல நமது வாலிபர்கள் அனுமதி கோருகின்றனர். அவர்களது ரோஷம் நல்லதே; தடிதான் நமக்கு அச்சம் தருகிறது.

1993-ல் இராமநாதபுரத்தில் காவல் அதிகாரி பிரதீப் பிலிப் தொடங்கிய 'போலீஸ் நண்பர்கள் குழு' நல்ல நோக்கமுடையதே. ஆயினும் 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் மாண்டபோது அதன் தொண்டர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வாண்டே அரசு அதனைத் தடை செய்தது.

ஜாமீனில் வர முடியாத குற்றம் கண்ணெதிரே நிகழ்ந்தால் பிடித்து, 6 மணி நேரத்திற்குள் காவலரிடம் ஒப்படைக்கச் சட்டம் இடமளிக்கிறது, அடிக்க அல்ல. பிறர் வீட்டைத் துருவுவதை மார்க்கமும் தடுத்துள்ளது. சாராயம் விற்பவனைப் பெரும்பாலும் தெருவே அறியும். புகார் எழுதத்தான் ஆளில்லை. ஜமாஅத் பெயரில் எழுதுங்கள், முதல் கையொப்பம் நாமே இடுகிறோம்.