அச்சு தரும் சாட்சி



அமெரிக்காவின் தொடக்ககாலச் செப்புக் காசுகளை ஆண்டுவாரியாக அடுக்கினால் போதாதா, ஒரே ஆண்டின் காசுகளையும் அச்சு அச்சாகப் பிரிப்பது எதற்கு என்ற கேள்வி நம் துறையை விடாமல் தொடர்கிறது. இந்தக் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கும் வேளையில் அதற்கு விடை சொல்ல விரும்புகிறேன். அச்சு வேறுபாடு சேகரிப்போரின் ஆசையோடு முடிந்துவிடுவதில்லை. பிலடெல்பியா நாணயச்சாலை எப்படி இயங்கியது என்பதற்கு அதைவிட நெருங்கிய சாட்சி இல்லை.

1792 சட்டத்தால் அமைந்த அந்த நாணயச்சாலையின் முதல் சென்ட்கள் 1793 மார்ச்சில் வெளிவந்தன. அச்சுகளில் எழுத்தும் ஆண்டும் ஒவ்வொன்றாக முத்திரை உளியால் அடித்துப் பதிக்கப்பட்டன. அதனால் ஓர் அச்சைப் போல இன்னொன்று அமையவில்லை. சங்கிலி பொறித்த முதல் சென்ட்களின் ஓர் அச்சில் நாட்டின் பெயர் 'அமெரி' என்று குறுகி நிற்கிறது. மற்ற அச்சுகளில் முழுப்பெயர் வந்துவிடுகிறது. இடக் கணிப்பைச் செதுக்குநர் வேலைக்கு நடுவே கற்றுக்கொண்டதை இங்கே கண்ணால் காண்கிறோம். உழைத்த அச்சில் விரிசல் விழும். அடிக்க அடிக்க அது நீளும். ஒரே முன்புற அச்சு இரண்டு பின்புற அச்சுகளோடு சேர்ந்திருந்தால், விரிசலின் நீளமே எந்தச் சேர்க்கை முந்தியது என்று சொல்லிவிடும். 1795 இறுதியில் சென்டின் எடை 208 கிரெயினிலிருந்து 168 கிரெயினாகக் குறைந்தது. ஒரே அச்சு இணையில் அடித்த காசு, விளிம்பில் எழுத்துள்ள தடித்த வில்லையிலும் எழுத்தில்லாத மெல்லிய வில்லையிலும் கிடைக்கிறது. எடை மாறியபோது அச்சு மாறவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நாணயச்சாலையின் கணக்கேடுகள் இருக்கின்றனவே என்பது முதல் மறுப்பு. ஏடு சொல்வது அந்த ஆண்டில் ஒப்படைத்த காசுகளின் எண்ணிக்கையை. காசின் மேல் உள்ள ஆண்டை அன்று. பழைய ஆண்டு பொறித்த அச்சு உழைக்கும் நிலையில் இருந்தால் அடுத்த ஆண்டிலும் அதையே பயன்படுத்தினார்கள். போலியைப் பிரித்தறியவும் ஏடு உதவாது, அச்சே உதவும். 1804 சென்ட்கள் அனைத்தும் ஒரே அச்சு இணையில் பிறந்தவை. அவற்றில் ஆண்டின் சுழியம், பின்புறத்து 'ஆஃப்' என்ற சொல்லின் முதலெழுத்துக்கு நேரே அமையும். வேறோர் ஆண்டின் இலக்கத்தைத் திருத்திச் செய்த போலி இந்தச் சோதனையில் சிக்கிக்கொள்ளும். ஏறத்தாழ 1860இல் தனியார் அடித்த மறுபதிப்பையும் அச்சே காட்டிக்கொடுத்தது: முன்புறம் திருத்திய 1803 அச்சு, பின்புறம் 1820ஆம் ஆண்டு அச்சு.

இவ்வளவும் விலையேற்றத்துக்கான சூழ்ச்சி என்பது இரண்டாம் மறுப்பு. அரிய வகைக்கு விலை ஏறுவது உண்மை; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தத் தொடக்ககாலச் சென்ட்களைப் பற்றி நாணய ஆய்வாளர் ஷெல்டன் 1949இல் வெளியிட்ட நூலைப் பாருங்கள். காசின் தரத்தை 70 வரை எண்ணால் குறித்து விலையோடு பிணைத்த அவருடைய கணக்கு, சந்தை மாறியதும் பொய்த்துப்போனது. அதே நூல் அச்சு வகைகளுக்கு இட்ட எண்களோ இன்றும் நம் கையில் இருக்கின்றன. விலையை மனிதர் விருப்பம் தீர்மானித்தது. வகையை எஃகு தீர்மானித்தது.

காசைச் செலவழித்தவர்கள் இந்த நுணுக்கங்களைக் கவனிக்கவில்லையே என்று கேட்போரும் உண்டு. கவனிக்கவில்லை என்பது சரி. காசை வாங்கியவரின் கதைக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். அடித்தவரின் கதையை அதைவிட்டு எழுத முடியாது.

ஆகவே இந்த அவையின் முன் ஒரு வேண்டுகோள். தேய்ந்த காசு என்று எதையும் ஒதுக்காதீர்கள். இரு புறமும் படம் எடுங்கள், எடை குறியுங்கள், விரிசல் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள். சந்தையில் யாரும் கேட்காத ஒரு காசில்தான் இரண்டு அச்சுகளை இணைக்கும் அந்த விரிசல் இருக்கக்கூடும்.