இரண்டு நாண்கள்

பத்தாவது படிக்கும் என் பேத்தி கீபோர்டும் கற்கிறாள். "ஜியோமெட்ரியிலும் கார்ட், மியூசிக்கிலும் கார்ட். ஒரே வார்த்தையா தாத்தா?" என்றாள். "ஆமாம், இரண்டும் தந்திதான்" என்று சொல்லிவிட்டேன். அகராதியைப் பார்த்தால், பாதி தப்பு!

வட்டத்தின் நாண், குடல் தந்தியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஸ, க, ப மூன்றும் சேர்ந்தொலிக்கும் கார்டோ, இணக்கம் எனப் பொருள்படும் 'அக்கார்ட்' என்பதன் சுருக்கம். நடுவிலுள்ள 'எச்' பின்னால் குழப்பத்தில் ஒட்டிக்கொண்டது.

நம்மவர்களுக்கும் வட்டத்தின் நாண் வில்லின் நாண்தான்: 'ஜ்யா'. ஆர்யபடீயத்தின் (கி.பி. 499) 24 எண்களும் அரை நாண்களின் வித்தியாசங்களே. ஜ்யா 'ஜீவா'வாகி, அரபியில் 'ஜைப்', அதாவது சட்டை மடிப்பு என்று மாற்றிப் படிக்கப்பட்டு, 12-ம் நூற்றாண்டில் லத்தீனில் 'சைனஸ்' ஆயிற்று. நாம் மனப்பாடம் செய்த 'சைன்' அதுவே.

பேத்திக்குப் போன் செய்து திருத்தினேன். அதற்குள் வகுப்பில் சொல்லிவிட்டாளாம்.