வெந்நீர் கட்டிய வெள்ளை மலை

துருக்கியின் தென்மேற்கில் பாமுக்கலே என்று ஓர் இடம். எட்டத்திலிருந்து பார்த்தால் மலைச்சரிவெல்லாம் பனி கொட்டிக் கிடக்கிற மாதிரி இருக்கும். அத்தனையும் சுண்ணாம்பு! பூமிக்கடியிலிருந்து சுமார் 35 டிகிரி சூட்டில் ஊற்று நீர் வருகிறது. வெளியே வந்ததும் அதிலுள்ள கரியமில வாயு பறந்துவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு படிந்து படிந்து, தொட்டி தொட்டியாக மலையிலிருந்து இறங்குகிறது. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். சரிவின் மேலேயே கட்டியிருந்த ஓட்டல்களைப் பிற்பாடு இடித்துவிட்டார்கள். நல்ல காரியம்.

மேலே ஏறினால் ஹியராபோலிஸ். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்காமம் மன்னர்கள் காலத்தில் எழுந்த நகரம். குளிப்பு மண்டபங்கள், அரங்கம், ஊருக்கு வெளியே வரிசையாகக் கல்லறைகள். ஒரு குளத்தில், நிலநடுக்கத்தில் சாய்ந்த பளிங்குத் தூண்களுக்கு நடுவிலேயே நீந்தலாம்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் அங்குள்ள பாதாள தேவன் புளூட்டோவின் குகைதான். அந்தக் காலத்தில் பூசாரி காளையை அதற்குள் ஓட்டிப்போவார். காளை விழுந்து சாகும், பூசாரி திரும்பி வருவார். தான் விட்ட குருவிகள் உடனே செத்து விழுந்ததாகக் கிரேக்க அறிஞர் ஸ்டிராபோ எழுதியிருக்கிறார். காரணம், அதே கரியமில வாயு. காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். காளையின் மூக்கு தாழ இருக்கிறது; நிமிர்ந்து நிற்கிற மனிதனின் மூக்கு அதற்கு மேலே.

வாயு இன்றைக்கும் கசிகிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் அந்தக் குகை வாயிலை எட்ட நின்றே பாருங்கள்.