உடையும் உடைப்பெயரும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

துணி, துண்டு, அறுவை, கூறை என்னும் நம் சொற்களை அடுக்கிப் பாருங்கள். துணித்தது, அறுத்தது, கூறிட்டது எனத் தறியினின்று வெட்டியெடுத்த செயலே பெயராகி நிற்கின்றது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் கழகப் புலவர் பெயரில் அவ் அறுவை இன்றும் வாழ்கின்றது. ஒரு மக்கள் தம் உடையை எவ்வாறு கண்டனர் என்பதை உடைப்பெயரே சொல்லிவிடும். அப் பெயர் பிறர் வாய்க்கு மாறிவிட்டால் என்னாகும்? இதற்குச் சான்றாக, பிரித்தானியத் தீவின் வடபாலுள்ள இசுக்காட்லாந்தை இன்று எடுத்துக்கொள்கின்றேன்.

அந்நாட்டு மலைவாழ் மக்களின் மொழி கேலிக்கு. அவர்தம் ஆடவர் உடை தையலால் வடிவெடுத்ததன்று. பத்து முழம் போன்ற நீண்ட கம்பளித் துணியை இடுப்பில் கொசுவி, வாரால் இறுக்கி, எஞ்சியதைத் தோள்மேல் எறிந்துகொள்வர். பகலில் உடை, இரவில் அதுவே போர்வை! அதன் பெயர் 'பேலா'. கட்டமிட்ட அத் துணியைப் 'பிரெக்கன்' என்றனர். 'பிரெக்' என்றால் புள்ளியும் வரியும் விரவியது. ஆற்றிலே துள்ளும் புள்ளி மீனுக்கும் அம் மொழியில் பிரெக் என்பதே பெயர். மீனையும் துணியையும் ஒரே கண்ணால் பார்த்த மக்கள்!

1746-ஆம் ஆண்டு குல்லோடன் போர்க்களத்தில் மலைநாட்டுப் படை வீழ்ந்தது. வென்ற அரசு அவ்வாண்டே சட்டமியற்றி அவ்வுடையைத் தடுத்தது. முதன்முறை உடுத்தினால் ஆறு திங்கள் சிறை. மறுமுறை உடுத்தினால் கடல்கடந்த தோட்டங்களுக்கு ஏழாண்டு நாடுகடத்தல். ஆயின், அரசின் படையிற் சேர்ந்தவர் மட்டும் அதே உடையை உடுத்தலாம்! உடை குற்றமன்று, அதை யாருக்காக உடுத்துகின்றாய் என்பதே வினா.

1782-இல் தடை நீங்கியது. நாற்பதே ஆண்டு கழிந்து, 1822-இல், அப் போரில் வென்ற அரசமரபினரான நான்காம் சியார்ச்சு மன்னரே எடின்பரோ நகருக்கு வந்து அவ்வுடையை உடுத்தினார். வரவேற்பை ஏற்பாடு செய்தவர் எழுத்தாளர் வால்ட்டர் இசுக்காட்டு. அன்று முதல் அது நாடு முழுமைக்கும் பெருமைக்குரிய உடை. ஆனால் உலகம் அதனை எப் பெயரால் அறியும்? 'கில்ட்டு' என்றன்றோ! கில்ட்டு கேலிக்குச் சொல்லன்று. மடித்துச் செருகுதலைக் குறிக்கும் வடபுல இசுக்காண்டினேவியச் சொல்லின் வழிவந்தது. போர்வையைக் குறித்த கேலிக்குச் சொல்லோ ஆங்கிலத்துட் போய்ப் 'பிளாடு' எனக் கட்டங்களின் பெயராய்ச் சுருங்கிற்று.

தொப்பிகளைப் பாருங்கள். ஒன்று 'பால்மோரல்', அது அரசகுடியினர் மாளிகையின் பெயர். மற்றொன்று 'டாம் ஓ சாண்டர்'. இராபர்ட்டு பர்ன்சு என்னும் பாவலர் படைத்த பாட்டுத் தலைவனின் பெயர். நடுநிலையோடு ஒன்று சொல்லவேண்டும்: தொப்பிக்குக் கேலிக்கில் வழங்கும் 'பொனெச்சு' என்பதும் வெளியிலிருந்து வந்ததே. கடன்கொள்ளாத மக்கள் இல்லை. எல்லாம் கடனாகிவிடுவதே கேடு.

உடைக்கு விலக்குக் கிடைத்தது, மொழிக்குக் கிடைத்ததா? 1616-இலேயே அரசவை, விலங்காண்டித்தனத்தின் தலையாய கரணியங்களுள் ஒன்று அம்மொழி என்று கூறி, அதனை ஒழிக்கப் பள்ளிகள் நிறுவ ஆணையிட்டது. 1872-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் அம்மொழிக்கு இடமே இல்லை. கேலிக்குப் பேசிய சிறுவன் கழுத்தில் கட்டையைத் தொங்கவிட்ட பள்ளிகளும் இருந்தன. தந்தை அரசர்முன் பேலாவை உடுத்தி நிற்க உரிமையுண்டு. மகன் பள்ளியில் அதன் பெயரைச் சொல்ல உரிமையில்லை! 1891-இல் இரண்டரை இலக்கத்திற்கு மேற்பட்டோர் பேசிய அம்மொழியை 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் பேசுவோராகப் பதிந்தவர் ஏறத்தாழ 57,000 பேர்.

2022-இல் அத்தொகை ஏறத்தாழ 70,000 ஆக உயர்ந்துள்ளது. இசுக்கை என்னும் தீவில் 1973-இல் ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தில் தொடங்கிய கல்லூரி, 'பெரிய களஞ்சியம்' என்று பொருள்படும் கேலிக்குப் பெயராலேயே இன்றும் இயங்குகின்றது. அங்குப் பாடம் கேலிக்கிலேயே நடக்கின்றது. கில்ட்டுக்கு அம்மொழியில் இன்றும் பெயர் பேலாதான்.