நம் ஊர் வண்டல் கடலுக்குப் போகுது

(கடையநல்லூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன் பற்றிப் பேசும் கூட்டத்தில் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று நினைப்பீங்க. மலையிலிருந்து வரும் நம் கருப்பாநதி, சிற்றாற்றுக்குத் தண்ணீர் தருது. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்குது. தாமிரபரணி புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாக் கடலில் சேருது. ஆக, நம் ஓடையில் விழுவது கடல்வரை போகும்.

வேகமான தண்ணீர் மணலையும் வண்டலையும் இலை, சருகையும் சுமந்து போகும். வேகம் குறைந்ததும் கனமான மணல் முதலில் படியும். நைஸான களிமண் மட்டும் மிதந்து போகும். கலங்கல் தண்ணீரை இரண்டு டம்ளரில் எடுத்து, ஒன்றில் ஒரு ஸ்பூன் உப்பு போட்டுப் பாருங்க. உப்புத் தண்ணீர்தான் சீக்கிரம் தெளியும். தேற்றாங்கொட்டை உரசினால் தெளியுற மாதிரிதான். கடல் உப்பு களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் படியவைக்குது.

இந்தப் படிவு சாதாரணமானது அல்ல. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை, ஆற்று மண் படிந்து கடல் விலகியதால் இன்று பல கிலோமீட்டர் உள்ளே இருக்கு. பிறகு வந்த காயல் துறைமுகமும் அதே கதைதான். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்த ஊர் அது.

வண்டலோடு படியும் மக்கிய இலை தழை, புழு, நண்டு, இறாலுக்கு உணவு. அவற்றைத் தின்று மீன் வளருது. ஆனால் சாக்கடையும் குப்பையும் அளவுக்கு மீறினால், அதை மக்கவைக்கும் கிருமிகள் தண்ணீரில் உள்ள காற்றையெல்லாம் தீர்த்துவிடும். சேறு கறுத்து நாறும், உயிர்கள் சாகும். பிளாஸ்டிக்கோ மக்கவே மக்காது. அங்கே மீன் விற்றுப் பிழைக்கும் பெண்களின் கூடைதான் காலியாகும்.

இன்னொரு பக்கம், அணையும் குளமும் வண்டலைத் தேக்குது. குளம் மேடானால் நமக்குத் தண்ணீர் குறையும். ஆனால் அந்த வண்டல் வயலுக்கு நல்ல உரம். அரசு அனுமதி பெற்று விவசாயிகள் அதை இலவசமாக எடுக்கலாம். தாலுகா அலுவலகத்தில் கேளுங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போடுவோம். ஓடையில், வாய்க்காலில் குப்பை கொட்ட மாட்டோம். நிலம் உள்ள உறுப்பினர்கள் வண்டலுக்கு மனு கொடுப்போம். தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவோம்.